முழுதும் நனைந்த பின் முக்காடு எதற்கு?

ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதக் கடைசி வாரத்தில் வங்கி ஊழியர்கள் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்கள் என்பது வாடிக்கையாளர்கள் அறியாததன்று. நம் கிளை நண்பர் ஒருவருக்கு இரத்தத்தில் சர்க்கரை கூடத் தொடங்கியிருப்பதாக மருத்துவர் எச்சரித்தார். அன்று முதல் அவர் நாள்தோறும் காலையில் 40 நிமிடம் நடந்துவந்தார். மார்ச் இறுதியில் நான்கு நாட்கள் நடக்க இயலவில்லை. ஏப்ரல் வந்தது, வேலைச் சுமை குறைந்தது, நடை மட்டும் திரும்பவில்லை. கேட்டபோது, "அதுதான் விட்டுப்போயிற்றே! அடுத்த மாதம் ஒன்றாம் தேதி புதிதாகத் தொடங்கிவிடலாம்" என்றார். அந்த ஒன்றாம் தேதி வரவேயில்லை. ஜூலையில் செய்த பரிசோதனைக்குப் பின் அவர் மாத்திரை சாப்பிட வேண்டியதாயிற்று.

அவருடைய பழக்கத்தை முறித்தது எது? நான்கு நாள் இடைவெளி அன்று. அந்த இடைவெளிக்கு அவர் மனம் கற்பித்துக்கொண்ட பொருளே. நம்மில் பலரும் இவ்வாறே ஏமாறுகிறோம்.

மனத்தின் பிழையான கணக்கு

"முழுதும் நனைந்த பின் முக்காடு எதற்கு?" என்பது நம் பழமொழி. இதே மனநிலையை 1975ஆம் ஆண்டில் ஹெர்மன், மேக் என்னும் உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனையில் கண்டனர். மாணவியர் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தனர், சிலருக்குக் கொடுக்கவில்லை. பின்னர் ஐஸ்கிரீமைச் சுவைத்து மதிப்பிடுமாறு எல்லோரையும் கேட்டுக்கொண்டனர். சாதாரணமாக உண்பவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டனர். உணவுக் கட்டுப்பாட்டில் கருத்துடையவர்களோ, மில்க் ஷேக் குடித்த பின் ஐஸ்கிரீமை அதிகமாக உண்டனர். 'இன்றைய கட்டுப்பாடுதான் கெட்டுவிட்டதே, இனி என்ன' என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனப் பின்னர் விளக்கப்பட்டது.

திருமண விருந்தில் ஒரு ஜாங்கிரி உண்ட சர்க்கரை நோயாளி, "இன்றைக்கு மட்டும்தானே" என்று பாயசத்தையும் கேட்டு வாங்குவது இவ்வகையே. நூறு ரூபாய் தொலைந்தது என்பதற்காகப் பையிலுள்ள மீதித் தொள்ளாயிரத்தையும் வீசியெறிவார் இல்லை. பணத்தில் செய்யாத இப்பிழையை உடல்நலத்தில் நாம் தயங்காமல் செய்கிறோம்.

இருபத்தொரு நாள் நம்பிக்கை

எந்தப் பழக்கமும் 21 நாட்களில் படிந்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்னும் அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் 1960இல் வெளியிட்ட நூலிலிருந்து பரவிய கருத்து இது. அறுவைக்குப் பின் நோயாளிகள் தம் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது அத்தனை நாட்களாகும் என்பதே அவர் கண்டது. நடைப்பயிற்சியை அவர் ஆராயவில்லை.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2010இல் அச்சில் வெளிவந்தது. உணவோடு பழம் உண்ணுதல், நீர் அருந்துதல், சிறிது தூரம் ஓடுதல் போன்றவற்றுள் ஒன்றை அவர்கள் நாள்தோறும் செய்தனர். அது தானாக நிகழும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்கள் போதும் என்றும், சிலருக்கு 254 நாட்கள் வரை ஆகலாம் என்றும் கணிக்கப்பட்டது. அந்த ஆய்வு நமக்குத் தரும் ஆறுதல் வேறொன்று: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை.

நல்ல நாள் பார்த்தல்

வாரம், மாதம், ஆண்டு ஆகியவற்றின் தொடக்கத்தில் உடற்பயிற்சிக் கூடங்களுக்கு வருவோர் கூடுகின்றனர் என 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. புதிய தொடக்கம் ஊக்கம் தருவது உண்மையே. ஆனால் செவ்வாயன்று விட்டுப்போனதை அடுத்த திங்கள் வரை ஒத்திவைத்தால், ஒரு நாள் தவறு ஒரு வாரத் தவறாக வளர்கிறது. தவறியதற்கு மறுநாளே நல்ல நாள்.

நாம் செய்யத்தக்கவை

1. வாரக் கணக்கு வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு 30 நிமிடமாக ஐந்து நாட்கள் நடந்தால் போதும். இரண்டு நாள் விடுமுறை அக்கணக்கிலேயே அடங்கியுள்ளது.

2. தடை வருமுன் வழியை முடிவு செய்வோம். 'நடக்க வேண்டும்' என்பதைவிட, 'மழை பெய்தால் மொட்டை மாடிப் படிகளில் பத்து முறை ஏறி இறங்குவேன்' என்று தீர்மானிப்பது பயன் தரும். 'இது நேர்ந்தால் இதைச் செய்வேன்' என்னும் இம்முறையை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

3. குறைந்தபட்சத் தவணை ஒன்றை வைத்துக்கொள்வோம். நாற்பது நிமிடம் இயலாத நாளில் பத்து நிமிடமேனும் நடப்போம்.

4. அடுத்தடுத்து இரு நாட்கள் தவறவிடாதிருப்போம்.

மாத்திரைகளுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. இரத்த அழுத்தம் சீராகிவிட்டது என்று மாத்திரையை நாமே நிறுத்துவது ஆபத்து. சீராக இருப்பதே அந்த மாத்திரையினால்தான். ஒருவேளை மறந்துவிட்டால், மறுவேளை இரண்டாகச் சேர்த்து விழுங்காமல் மருத்துவரின் அறிவுரையைக் கேட்க வேண்டும்.

தொடர் வைப்புக் கணக்கில் ஒரு தவணை தவறினால் சிறு அபராதம் செலுத்த நேரிடலாம். ஆனால் அதுவரை சேர்ந்த தொகை அழிந்துவிடுவதில்லை. அடுத்த தவணையைச் செலுத்திக் கணக்கைத் தொடர்கிறோம். உடல்நலக் கணக்கையும் அவ்வாறே நடத்தலாம்.

நம் நண்பர் இப்போது மீண்டும் நடக்கிறார். சென்ற வாரம் உறவினர் திருமணத்துக்காக இரண்டு நாள் வெளியூர் சென்றிருந்தார். திரும்பிய மறுநாள் காலை, ஒன்றாம் தேதிக்குக் காத்திராமல், பூங்காவுக்குச் சென்றுவிட்டுத்தான் கிளைக்கு வந்தார்.