சில்வண்டு சத்தமும் மழைக் கணக்கும்

(இந்த மாதக் குழுக் கூட்டப் பாடம்)



சேமிப்பு, கடன், வட்டி எல்லாவற்றுக்கும் நம் குழுக்களில் நோட்டு இருக்கிறது. யார் எந்த மாதம் எவ்வளவு கட்டினாங்க என்று பல வருடத்துக்கு முந்தினதைக்கூட நிமிஷத்தில் எடுத்துக் காட்டி விடுவோம். ஆனால் போன வருடம் முதல் கோடை மழை என்றைக்குப் பெய்தது என்று கேட்டுப் பாருங்க. ஒருத்தர் சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாடி என்பார். இன்னொருத்தர், "இல்லக்கா, பின்னாடிதான்" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும். ஏலத்தோட்டத்துக்குப் போகிற நமக்குக் கூலியே அந்த மழையில்தான் இருக்கிறது. அதனால் இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது. பாடத்தைச் சில்வண்டில் இருந்து ஆரம்பிப்போம்.

கத்துவது யார்?

சித்திரை, வைகாசியில் ஜீப் முந்தல் தாண்டி மலை ஏறும்போது காதைத் துளைக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்குமே, அதுதான் சில்வண்டு. போடிக்குள்ளேயே மாந்தோப்பு, இலவந்தோப்புப் பக்கம் போனாலும் கேட்கலாம். ராத்திரி வீட்டுச் சுவர் ஓரத்தில் கத்துகிற சுவர்க்கோழி வேறு, இது வேறு. சுவர்க்கோழி இறக்கையை உரசிச் சத்தம் எழுப்பும். சில்வண்டுக்கு வயிற்றின் இரண்டு பக்கமும் மெல்லிய தோல் மாதிரி ஒரு உறுப்பு உண்டு. அதை உள்ளே இழுத்து விட்டு, இழுத்து விட்டுச் சத்தம் போடுகிறது. வயிறு வெறும் கூடாக இருப்பதால் தவில் மாதிரி சத்தம் பெரிசாகிறது. கத்துவது ஆண் மட்டும்தான், பெண்ணைக் கூப்பிடுவதற்காக. (நம் வீடுகளில் கத்துவது யார் என்று கேட்க வேண்டாம், அது வேறு பாடம்!)

பெண் வண்டு சின்னக் கிளைகளில் கீறி முட்டை வைக்கும். குஞ்சு பொரிந்ததும் கீழே விழுந்து மண்ணுக்குள் போய்விடும். அங்கேயே வேர்ச் சாற்றை உறிஞ்சிக்கொண்டு வருடக்கணக்கில் இருக்கும். வளர்ந்த பிறகு ஒரு ராத்திரி மேலே வந்து மரத்தில் ஏறி, சட்டையைக் கழற்றிவிட்டு இறக்கையோடு வெளியே வரும். பிள்ளைங்க மரத்திலிருந்து பிய்த்து விளையாடுகிற அந்தக் காய்ந்த கூடு இதுதான். வெளியே வந்த பிறகு அதற்கு ஆயுசு சில வாரம்தான். கடிக்காது, விஷம் இல்லை.

ஒரு சின்ன விஷயம். சில்வண்டு நிறைய உட்கார்ந்த மரத்தடியில் நல்ல வெயிலிலேயே பன்னீர் தெளித்த மாதிரி துளி விழும். அது மழையும் இல்லை, தீர்த்தமும் இல்லை. சாறு குடித்த பூச்சி கழிக்கிற நீர். கெடுதல் இல்லை, ஆனால் தண்ணிக் குடத்தை மூடி வையுங்க.

அமெரிக்காவில் 13 வருடத்துக்கு ஒரு முறையும் 17 வருடத்துக்கு ஒரு முறையும் மட்டுமே வெளியே வருகிற சில்வண்டுகள் உண்டு. அந்த இரண்டு வகையிலும் ஒவ்வொரு கூட்டம் 2024-ல் ஒரே சமயத்தில் வந்தது. அந்த இரண்டு கூட்டமும் அதற்கு முன் சேர்ந்து வந்தது 1803-ல். பதினேழு வருடக் கணக்கை யாராவது ஞாபகத்தில் வைத்துச் சொல்ல முடியுமா? தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்ததால் தெரிந்தது. நம் நாட்டிலும் மேகாலயாவில் ரீ போய் மாவட்டத்தில் நான்கு வருடத்துக்கு ஒரு முறை வருகிற வகை இருக்கிறது. அந்த ஊர் மக்கள் 'நியங்தாசெர்' என்பார்கள். ராத்திரியில் பந்தம் கொளுத்திப் போய்ப் பிடித்துச் சமைத்துச் சாப்பிடுவார்கள். விஞ்ஞானிகள் அதற்குத் தனிப் பெயர் வைத்தது 2013-ல்தான். ஊர் ஜனத்துக்கு அதன் கணக்கு அதற்கு முன்பே தெரியும். நம் பக்கத்துச் சில்வண்டுகள் அப்படி ஒரே வருடத்தில் மொத்தமாக வருவதில்லை. வருடா வருடம் ஒரு பகுதி வெளியே வருகிறது, அதனால்தான் வருடா வருடம் கேட்கிறோம்.

முன்பு மாதிரி இப்போது சத்தம் இல்லை என்று மூத்த உறுப்பினர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். மரம் வெட்டினால் வேர் போகும், வேரோடு மண்ணுக்குள் இருக்கிற பூச்சியும் போகும். தோட்டத்தில் அடிக்கிற மருந்தும் மண்ணுக்குத்தான் போகிறது. ஆனால் எவ்வளவு குறைந்தது, எந்த வருடத்திலிருந்து என்று கேட்டால் காட்ட நம்மிடம் ஒரு வரி எழுத்து கிடையாது.

சில்வண்டு மழையைக் கூப்பிடுமா?

அப்படித்தான் பெரியவங்க சொல்வாங்க. அது கூப்பிடுவது பெண் வண்டை. ஆனால் வெயில் ஏறின நேரத்தில் நன்றாகக் கத்தும், மேகம் கவிந்து குளிர்ந்தால் அடங்கிவிடும். கோடை மழையில் மண் இளகினால் வெளியே வருவதும் சுலபம். இரண்டுக்கும் ஒரே பருவம் என்பதால் நம் ஆட்கள் சேர்த்துச் சொன்னார்கள். அதில் தப்பில்லை.

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போவது, தட்டான் தாழப் பறப்பது, ஈசல் கிளம்புவது என்று இன்னும் நிறைய அடையாளம் வைத்திருக்கிறோம். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று நாங்கள் தள்ளவும் இல்லை, அப்படியே நம்பச் சொல்லவும் இல்லை. சோதித்துப் பார்க்கலாம். சத்தம் சட்டென்று நின்றால் நேரத்தை எழுதுங்க. அன்றைக்குள் மழை வந்ததா, வரவில்லையா என்றும் எழுதுங்க. முக்கியம் என்னவென்றால், மழை வராத நாளையும் எழுத வேண்டும். பலித்தது மட்டும் மனசில் நிற்கும், பலிக்காதது மறந்துபோகும். மனுஷ மனசு அப்படித்தான். இரண்டு கோடை எழுதினால் எந்த அடையாளம் எத்தனை தடவை பலித்தது என்று நாமே சொல்லலாம். பரணில் இருக்கிற நெல்லை உள்ளே எடுக்கவா வேண்டாமா என்பதற்குக்கூட அது உதவும்.

கோடை மழையும் நம் கூலியும்

தை, மாசியிலேயே ஏலச் செடியின் அடியில் சரம் விடத் தொடங்குகிறது. அது நீண்டு பூக்க வேண்டுமானால் பங்குனி முதல் வைகாசி வரை அவ்வப்போது மழை கிடைக்க வேண்டும். பூத்ததிலிருந்து காய் முற்ற மூன்று முதல் நான்கு மாதம். ஆக, வைகாசியில் பிடித்த பூதான் ஆவணி, புரட்டாசியில் நம் கூடைக்கு வருகிற காய். பூ விடியற்காலை விரிந்து ஒரே நாளில் வாடிவிடும். அந்த ஒரு நாளில் தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும். பூத்த நேரத்தில் மருந்து அடித்தால் தேனீ வராது என்பது தோட்டத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

2024 கோடையில் இடுக்கி மாவட்டத்தில் வெயில் தாங்காமல் ஏலச் செடிகள் தட்டையோடு காய்ந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். செடி காய்ந்தால் காய் எடுப்பு தள்ளிப்போகும், வேலை நாள் குறையும். ஆனால் பள்ளிக்கூடம் ஜூனிலேயே திறந்துவிடும், கடன் தவணையும் நிற்காது. கோடை மழை பொய்த்தது என்று மே மாதக் கடைசியிலேயே எழுத்தில் தெரிந்தால், ஜூன் கூட்டத்தில் தவணையைப் பற்றி முன்கூட்டியே பேசலாம். ஆகஸ்டில் தவணை தவறின பிறகு பேசுவது வேறு மாதிரி இருக்கும், அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

மழையை அளப்பது எப்படி?

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல் பகுதியை அறுத்து, தலைகீழாகக் கவிழ்த்துப் புனல் மாதிரி அதன்மேலேயே வையுங்க. அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டு, நேரான இடம் வருகிற வரை தண்ணீர் ஊற்றி அங்கே ஒரு கோடு போடுங்க. அதுதான் பூஜ்யம். அதற்கு மேலே பிள்ளைகளின் ஸ்கேலை ஒட்டிவிட்டால் மழைமானி தயார். கூரைத் தண்ணீரும் மரத்துத் தண்ணீரும் விழாத வெட்டவெளியில், காற்றில் சாயாதபடி புதைத்து வையுங்க. தினமும் காலை எட்டரை மணிக்குப் பாருங்க, வானிலை நிலையத்திலும் அந்த நேரம்தான். அந்த நேரத்தில் நீங்கள் தோட்டத்தில் இருப்பீர்கள் என்றால் வீட்டில் இருக்கிற பாட்டியோ பிள்ளைகளோ பார்க்கட்டும். பார்த்து எழுதிய பிறகு தண்ணீரைப் பழைய கோட்டுக்குக் கொண்டுவாங்க.

1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர். ஒரு சென்ட் நிலத்தில் அது சுமார் 40 லிட்டர். 20 அடிக்கு 10 அடி கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 186 லிட்டர், பதினைந்து லிட்டர் குடத்தில் பன்னிரண்டு குடம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் கூரைத் தண்ணீரை வீணாக விட மனசு வராது.

டிவியில் கனமழை, மிக கனமழை என்கிறார்களே, அதற்கும் அளவு இருக்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் கனமழை, 115.6-க்கு மேல் மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை.

இந்த இடத்தில் எல்லோரும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளாவில் தொடங்கும். மேகம் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, போடிக்கு வெறும் காற்றைத்தான் அனுப்பும். நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதனால் ஜூன், ஜூலையில் தேனி மாவட்டத்துக்கு எச்சரிக்கை எதுவும் இல்லை என்று கேட்டுவிட்டு ஜீப் ஏறுகிறோம். வேலை செய்கிற இடமோ இடுக்கி மாவட்டம். ஆகவே இடுக்கிக்கு என்ன எச்சரிக்கை என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்க. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து தேயிலைத் தோட்ட லயன் வீடுகள் புதைந்தன. 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். வயநாட்டில் ஹியூம் மையம் என்ற அமைப்பு ஊர் மக்களை வைத்துப் பல இடங்களில் மழையை அளக்கிறது. 2024 ஜூலை 30 நிலச்சரிவுக்கு முதல் நாளே அந்த அளவுகளைப் பார்த்து எச்சரித்தது. கோட்டயம் மாவட்டத்தில் மீனச்சில் ஆற்றங்கரையில் பள்ளிப் பிள்ளைகளே மழை அளந்து எழுதுகிறார்கள். பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லாமல் செய்கிற வேலைதான் இது.

கோடை மழை இடியோடு வரும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுங்க. மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பதுக்குள் இடி கேட்டால் வேலையை விட்டுவிட்டுக் கட்டிடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடி கூடவே கூடாது, மேஸ்திரி என்ன சொன்னாலும் சரி.

நோட்டில் என்ன எழுதுவது?

தேதி, மழை எத்தனை மில்லிமீட்டர், சில்வண்டு (இல்லை, கொஞ்சம், காதடைக்கிற மாதிரி), தோட்டத்தில் வேலை இருந்ததா இல்லையா. இந்த நாலும் போதும். மிச்ச இடத்தில் வீட்டைச் சுற்றிக் கண்டதை எழுதுங்க. குயில் கூவ ஆரம்பித்த நாள், காக்கைக் கூட்டில் குயில் குஞ்சு, சரக்கொன்றை பூத்த நாள், முதல் ஈசல், கொல்லையில் செம்போத்து. முதல் மழைக்குத் தவளை கிளம்பும், தவளைக்குப் பின்னால் பாம்பு வரும். அந்த வாரத்தில் விறகு எடுக்கும்போது குச்சியால் தட்டி எடுங்க. கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், 108-க்குச் சொல்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

எழுதத் தெரியாதவங்க பிள்ளைகளை எழுதச் சொல்லலாம், கோடு போட்டும் வைக்கலாம். ஒரு குழுவில் மூன்று பேர் எழுதினால் போதும். மூணு பேரும் ஒரே தெருவில் இருக்க வேண்டாம். மலையில் தங்கி வேலை செய்கிற உறுப்பினர் ஒருவராவது இருந்தால் நல்லது, மேலே பெய்ததும் கீழே பெய்ததும் எவ்வளவு வித்தியாசம் என்று அப்போதுதான் தெரியும்.

ஜூன் மாதக் கூட்டத்துக்குச் சேமிப்புப் பாஸ்புக்கோடு இந்த நோட்டையும் கொண்டு வாங்க. மார்ச் முதல் மே வரை பெய்த மழையைக் கூட்டி, வேலை கிடைத்த நாட்களையும் பக்கத்தில் எழுதி, ஊக்குநர் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். தவணைப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கலாம்.