பிடிவாரண்டு வந்தால் முன்ஜாமீன் கிடைக்குமா?



போன மாதக் கூட்டத்துக்கு நம் அக்கா ஒருவர் அழுதபடி வந்தார். உறவினர் வாங்கிய கடனுக்கு இவர் செக் கொடுத்திருக்கிறார். பணமில்லாமல் திரும்பியதால் வழக்கு. இரண்டு வாய்தாவுக்குப் போகவில்லை. கோர்ட்டில் பிடிவாரண்டு பிறப்பித்துவிட்டார்கள். பயந்துபோய், சென்னை கே.கே. நகரில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி பக்கம் இருக்கும் மகள் வீட்டில் பத்து நாள் ஒளிந்திருந்தாராம். அங்கே ஒரு ஆள் "முன்ஜாமீன் வாங்கித் தர்றேன், இருபதாயிரம் ஆகும்" என்றிருக்கிறான்.

நாம் அவரிடம் சொன்னது இதுதான்: அக்கா, உங்க கேசுக்கு முன்ஜாமீனே கிடையாது.

முன்ஜாமீன் என்பது, ஜாமீனில் விட முடியாத குற்றத்தில் கைதாவோமோ என்று அஞ்சுபவர் செஷன்ஸ் கோர்ட்டிலோ ஐகோர்ட்டிலோ முன்கூட்டியே கேட்பது. பழைய சட்டத்தில் 438-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் 482. செக் வழக்கோ ஜாமீனில் விடக்கூடிய குற்றம். 'ஜாமீனில் விட முடியாத வாரண்டு' என்று கேள்விப்பட்டதும் குற்றமே அப்படிப்பட்டது என்று நாம் மிரண்டுவிடுகிறோம். வாரண்டு வேறு, குற்றம் வேறு. வாய்தாவுக்கு வராததால் போட்ட வாரண்டு அது. போட்ட கோர்ட்டே அதை ரத்து செய்யலாம். வக்கீலோடு நேரில் போய், வராத காரணத்தைச் சொல்லி 'வாரண்டு ரீகால்' மனு கொடுக்க வேண்டும்.

வரதட்சணைக் கொடுமை வழக்கு வேறு மாதிரி. மாமியார், நாத்தனார் பெயரெல்லாம் அதில் சேர்ந்துவிடும். அங்கே முன்ஜாமீன் கேட்கலாம், ஆனால் காலத்தோடு கேட்க வேண்டும். வாரண்டுக்கும் டிமிக்கி கொடுத்து, தலைமறைவானவர் என்று கோர்ட் அறிவித்துவிட்டால் சாதாரணமாக முன்ஜாமீன் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் லவேஷ் வழக்கில் சொன்னது. கதவு முழுசாக அடைபடவில்லை என்று 2024-இல் ஒரு மாமியாரின் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதை நம்பி ஓடி ஒளிய முடியுமா?

மனு போட்டாலே பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். நடிகை கஸ்தூரியின் முன்ஜாமீன் மனுவை மதுரை ஐகோர்ட் கிளை 2024 நவம்பர் 14-இல் தள்ளுபடி செய்தது. 16-ஆம் தேதி ஐதராபாத்தில் கைதானார். பேரும் வசதியும் உள்ளவருக்கே அப்படி.

வக்கீலுக்குப் பணமில்லையே என்கிறீர்களா? வருமானம் எவ்வளவு என்றாலும், பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. தாலுகா கோர்ட்டில் சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் போடுங்கள். வழக்கு எண், சம்மன், ஆதார், ரேஷன் கார்டு கையில் இருக்கட்டும். ஜாமீன்தாரர் இருவரையும் முன்னமே பேசி வையுங்கள். அன்றைக்குப் போய்த் தேடினால் ஆள் கிடைக்காது.

அக்கா மறுவாரம் கோர்ட்டுக்குப் போனார். வாரண்டு ரத்தானது. வழக்கு இன்னும் நடக்கிறது. அடுத்த வாய்தா தேதியை ஊக்குநர் தன் நோட்டில் குறித்து வைத்திருக்கிறார்.