துயரச் செய்திகளின் நடுவே சந்தோஷப்படலாமா?



சென்ற ஞாயிறு பூசை முடிந்தபின் தாயார் ஒருவர் என்னிடம் வந்தார். "சாமி, நாளைக்கு என் பேத்திக்குப் பிறந்தநாள். பாயசம் வைக்கச் சொல்லி அடம் பிடிக்கிறாள். டி.வி.யைத் திறந்தாலோ யுத்தம், கலகம், கட்சிக்காரர்களின் ஏச்சு. அங்கே பிள்ளைகள் சாகும்போது இங்கே நாங்கள் பாயசம் குடிப்பது பாவமில்லையா?" என்று கேட்டார். கேட்கும்போதே அவர் கண்கள் கலங்கின. இதே கேள்வி உங்களில் பலருடைய மனதிலும் இருக்கக்கூடும். ஆகையால் இவ்வாரப் பாடமாக இதையே எடுத்துக் கொள்வோம்.

முதலாவது, நம் ஆண்டவர் துயரச் செய்தியை எப்படிக் கேட்டார் என்று பார்ப்போம். அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 13-ம் அதிகாரத்தை வாசியுங்கள். பலி செலுத்த வந்த கலிலேயரைப் பிலாத்து கொன்று போட்டான் என்ற செய்தியைச் சிலர் அவரிடம் கொண்டு வந்தார்கள். அது அக்காலத்து அரசியல் செய்திதான். சேசுநாதர் அதை அலட்சியம் செய்யவில்லை. அதை வைத்து யார்மேலும் பகை மூட்டவுமில்லை. கேட்டவர்களை மனந்திரும்பச் சொன்னார். ஜெருசலேம் நகரத்துக்கு வரப்போகும் அழிவை நினைத்து அழுதவரும் அவரே. ஆனால் அதே ஆண்டவர்தான் கானாவூர்க் கலியாணத்துக்குப் போனார். குழந்தைகளை அணைத்துக் கொண்டார். காட்டுப் பூக்களையும் ஆகாயத்துப் பறவைகளையும் பார்க்கச் சொன்னார். அன்றைக்கும் நாடு அந்நியர் ஆட்சியில்தான் இருந்தது. ஆக, அழவும் மகிழவும் ஒரே இருதயத்தில் இடமுண்டு.

இரண்டாவது, பயத்துக்கு அடிமையானால் என்ன நேரும் என்பதற்கு நம் பட்டணத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1942 ஏப்ரல் 5, பாஸ்குத் திருநாள். அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று நகரம் நடுங்கியது. ஜனங்கள் லட்சக்கணக்கில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர்களுக்குப் போனார்கள். சர்க்கார் அலுவலகங்களும் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மிருகக்காட்சி சாலையில் இருந்த கொடிய மிருகங்களைக்கூடச் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் எதிர்பார்த்த கப்பற்படை வரவேயில்லை. கொழும்பில் குண்டு விழுந்தது மெய். ஆகையால் பயந்தவர்களைப் பழிக்க நமக்கு நியாயமில்லை. ஆனாலும் மெய்யும் வதந்தியும் ஒரே பாத்திரத்தில் கலந்து வருகின்றன என்பதை நாம் கற்றுக்கொள்ள வேண்டும். அன்று அவை வாய்வழியாக வந்தன. இன்று கைப்பேசி வழியாக, நள்ளிரவிலும் வருகின்றன. நாள் முழுதும் திகிலில் கிடக்கும் மனது இரண்டையும் பிரித்தறிய மாட்டாது.

மூன்றாவது, எந்தச் சந்தோஷம் பாவம், எது புண்ணியம்? பிறர் அழுகுரல் கேளாதபடி கதவை அடைத்துக்கொண்டு அனுபவிக்கும் சந்தோஷம் சுயநலம். அந்தத் தாயாரின் மனதை உறுத்தியது இதுவே. அந்த உறுத்தல் நல்லது. ஆனால் கதவைத் திறக்கிற சந்தோஷமும் உண்டு. 2023 அக்டோபரில் காசா யுத்தம் தொடங்கியது முதல், காலஞ்சென்ற பிரான்சீஸ் பாப்பரசர் அங்குள்ள திருக்குடும்பப் பங்கோடு அநேகமாகத் தினந்தோறும் மாலையில் டெலிபோனில் பேசி வந்தார். தாம் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலும் பேசினார். ஒருமுறை அவர் கேட்டது என்ன தெரியுமா? இன்று என்ன சாப்பிட்டீர்கள் என்பதே! நம் வீட்டுத் திண்ணையில் கேட்கும் கேள்வியல்லவா இது? அவருடைய கடைசி அழைப்பு 2025 ஏப்ரல் 19, பெரிய சனிக்கிழமையன்று. அந்த டெலிபோன் யுத்தத்தை நிறுத்தவில்லை. அவர் இறந்தபின், ஜூலை 17-ல், அதே கோவிலைக் குண்டு தாக்கி மூவர் மாண்டார்கள். ஆனாலும் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்ற சின்னச் சந்தோஷம் எத்தனையோ மாலைகளில் அவர்களைத் தாங்கியது. அதை வீண் என்று யார் சொல்லக்கூடும்?

ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் 1975 மே 9-ல் கிறிஸ்தவ மகிழ்ச்சியைப் பற்றி ஒரு நிருபமே எழுதினார். உயிரோடிருப்பது, தூய அன்பு, இயற்கையின் அமைதி, ஒழுங்காய் முடித்த வேலை, பிறரோடு பகிர்வது ஆகிய எளிய சந்தோஷங்களை ருசிக்க மனிதருக்கு மறுபடியும் பொறுமையோடு கற்பிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இவற்றைத் தேடி நாம் தூரம் போக வேண்டாம். விடியற்காலையில் வாசலுக்கு வரும் பால், இராத்திரி வேலை முடித்துப் பத்திரமாய் வீடு திரும்பும் மகன், சாயங்காலம் கிழக்கேயிருந்து வரும் கடற்காற்று, ரெட்டேரித் தண்ணீரில் இறங்கும் பறவைகள். இவை யாவும் மாதவரத்தில் நமக்குச் சர்வேசுரன் கொடுத்திருக்கும் தினப்படி.

இவ்வாரம் குடும்பத்தோடு இவற்றைச் செய்து பாருங்கள்:

1. செய்திக்கு ஒரு நேரம் வையுங்கள். ஜெபமாலை முடிந்து படுக்கைக்குப் போகுமுன் அதைப் பார்க்க வேண்டாம். மெய்யென்று தெரியாததை ஒருவருக்கும் அனுப்ப வேண்டாம்.

2. செய்தி கேட்டதும் உங்களையே சோதித்துப் பாருங்கள். ஜெபிக்கவும் உதவவும் தோன்றினால் நல்லது. அயலானைப் பகைக்கத் தோன்றினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

3. இராச் சாப்பாட்டின்போது ஒவ்வொருவரும் அன்று கிடைத்த ஒரு சின்னச் சந்தோஷத்தைச் சொல்லட்டும். சிறு பிள்ளை முதலில் சொல்லட்டும்.

அந்தத் தாயாருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "பாயசம் வையுங்கள் அம்மா. முதல் டம்ளரைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். குடிக்குமுன் அந்தப் பிள்ளைகளுக்காகப் பேத்தியோடு சேர்ந்து ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள். பிறகு வயிறாரக் குடியுங்கள்."

தேவமாதா உங்கள் குடும்பங்களைக் காப்பாராக.

உங்கள் பங்குக் குரு