அச்சம் என்னும் மெய்ப்பாடு

தொல்காப்பியனார் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். அவற்றுள் அச்சமும் ஒன்று. அணங்கு, விலங்கு, கள்வர், அரசன் ஆகிய நான்கின் வழியாக அச்சம் பிறக்கும் என்பது அவர் கருத்து. ஈழத்துப் போர்க்காலத்தில் வளர்ந்தோர் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்ப்பர். அது வானிலிருந்து வருவது. உள்ளத்தில் தோன்றுவது மெய்யில், அதாவது உடம்பில், புலப்படுவதனாலேயே அதற்கு மெய்ப்பாடு என்று பெயர். மனமும் உடலும் இணைந்தே இயங்குகின்றன என்று இன்றைய உளவியல் கூறுவதை அச்சொல் தன்னுள்ளே கொண்டிருக்கிறது.

ரொறன்ரோவில் ஆண்டுதோறும் செப்ரெம்பர்த் தொடக்கத்து வார இறுதியில், தொழிலாளர் தினத்தையொட்டி, ஒன்ராறியோ ஏரிக்கரையில் வான்காட்சி நடைபெறும். போர் விமானங்கள் தாழப் பறக்கும். ஒத்திகை முன்னதாகவே தொடங்கிவிடும். இரைச்சல் கேட்டதும் பிள்ளைகள் யன்னலுக்கு ஓடுவர். அதே வீட்டில் தந்தையார் யன்னலை விட்டு விலகிச் சுவரோரம் நிற்பார். தாயாரின் கையிலிருந்து தேநீர்க் கோப்பை நழுவும். யூலை முதலாம் நாள் வாணவேடிக்கையின் போதும் இவ்வாறே. "என்னப்பா, பிளேனுக்குப் பயமோ?" என்று பிள்ளை சிரிக்கத் தந்தையார் சீறி விழுவார். சிரித்தவருக்கும் சீறியவருக்கும் அங்கு நிகழ்ந்தது இன்னதென்று விளங்குவதில்லை. அதனை விளக்குவதே நமது நோக்கம்.

திடீரெனப் பேரொலி எழுந்தால் ஒரு செக்கனின் பத்திலொரு பங்கிலும் குறைந்த நேரத்தில் நம் கண்ணிமை மூடிவிடும். அது என்ன ஒலி என்று நாம் அறியுமுன்பே இது நடந்து முடிந்துவிடுகிறது. மூளையின் உட்புறத்தே இரு பக்கமும் வாதுமைப் பருப்பின் வடிவில் அமிக்டலா என்னும் சிறு பகுதி உண்டு. ஆபத்தைக் கண்டு எச்சரிப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. எச்சரிக்கை எழுந்ததும் பரிவு நரம்புத் தொகுதி செயற்படத் தொடங்கும். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அதிரினலின் என்னும் ஓமோனைக் குருதியிற் கலக்கும். இதயம் விரையும். ஈரல் தான் சேமித்து வைத்த குளுக்கோசை விடுவிக்கும். குருதி குடலை விட்டுத் தசைகளை நோக்கிப் பாயும். ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் ஆயத்தமாகிவிட்டது. அமெரிக்க உடலியலறிஞர் வோல்ரர் கனன் 1915 இல் வெளியிட்ட நூலில் இம்மாற்றங்களை விரித்துரைத்தார். இத்தகைய நெருக்கீடு நீடித்தால் உடலே தேய்வுறும் என்பதை மொன்றியல் நகரில் ஆராய்ந்த ஹான்ஸ் செலியே எடுத்துக்காட்டினார்.

இனி, ஒரு குறிப்பிட்ட ஒலிக்கு மட்டும் உடல் ஏன் இவ்வாறு துடிக்கிறது? வன்னியில் நாம் ஆசிரியராக இருந்த காலத்தில் பாடசாலை வளவுக்குள்ளேயே பதுங்குகுழி இருந்தது. இரைச்சல் கேட்டதும் எவரும் சொல்லாமலே மாணவர் இறங்கிவிடுவர். ஆறு வயதுப் பிள்ளையும் 'இது ஹெலி, இது பொம்மர்' என்று காதாலேயே பிரித்தறியும். அது கோழைத்தனமன்று, கற்றுக்கொண்ட பாடம். நன்கு கற்றோர் அனைவரும் தப்பினர் என்றும் சொல்வதற்கில்லை.

உணவுக்கு முன் ஓர் ஒலியைக் கேட்டுப் பழகிய நாய், உணவின்றி அவ்வொலி மட்டும் கேட்டாலும் உமிழ்நீர் சுரக்கும் என்று ருஷ்ய அறிஞர் பாவ்லோவ் கண்டார். உணவு வராதபோது சுரப்பு மெல்ல நின்றுவிடும். ஆயினும் சிலகாலம் ஓய்ந்திருந்தபின் அதே ஒலி கேட்டால் மீண்டும் சுரக்கும். பழைய பாடம் அழிவதில்லை. அதன்மேல் புதிய பாடமொன்று படிகிறது. பதினைந்து ஆண்டுகள் ரொறன்ரோவில் அமைதியாக வாழ்ந்தவரும் விமான ஒலிக்குத் திடுக்கிடுவது இதனாலேதான். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இப்பொருள் பற்றிய தம் தமிழ் நூலுக்கு 'மனவடு' என்று பெயரிட்டார். புண் ஆறியபின் எஞ்சுவதே வடு. பொருத்தமான சொல்.

திடுக்கிட்டுச் சில நிமிடங்களில் அமைதியடைவது நோயன்று. ஆனால் கொடுங்கனவு, உறக்கமின்மை, காரணமற்ற சினம், பழைய நிகழ்வு கண்முன்னே மீண்டும் நடப்பது போன்ற உணர்வு ஆகியன ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாடவேண்டும். ரொறன்ரோத் தமிழரிடையே மோட்டன் பைசர் முதலானோர் நடத்தி 2003 இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்குப் பன்னிருவரிடம் இந்நிலை காணப்பட்டது. உதவி நாடியோரோ மிகச் சிலர். 'பைத்தியம்' என்று பெயர் வந்துவிடும், மொழிபெயர்க்க வருபவர் ஊரவராய் இருப்பார் என்னும் தயக்கங்கள் நம்மிடம் உண்டு. தயக்கத்தை நாம் குறை கூறவில்லை. எனினும் மருத்துவர் நோயாளியின் செய்தியை வெளியிடலாகாது என்பது இந்நாட்டுச் சட்டம். குடும்ப வைத்தியரையும் அவர் அனுப்பிவைக்கும் உளமருத்துவரையும் காண்பதற்கு மாகாண மருத்துவக் காப்புறுதியே பணம் செலுத்துகிறது. சிலர் நாடும் மருந்து மதுப்புட்டி. அது அன்றிரவு உறக்கம் தந்து, பின்னிரவில் அதனைக் கெடுக்கும்.

மாணவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. எதிர்பாராத ஒலியே உடலை மிகுதியாக உலுக்கும். ஆகவே வான்காட்சி நாளையும் நேரத்தையும் அறிந்து வீட்டில் முன்கூட்டியே கூறுங்கள். திடுக்கிட்டவரைச் சுற்றி நின்று கேள்வி கேளாதீர்கள். அருகிலிருந்து, மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள். நீண்டு வெளிச்செல்லும் மூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். பேராசிரியர் சோமசுந்தரம் செபத்தையும் மூச்சுப் பயிற்சியையும் சிகிச்சையிற் பயன்படுத்தியது இவ்வழியிலேயாகும்.

மேல்வகுப்பு மாணவருக்கு ஒரு பயிற்சி: நா வறண்டது, மயிர் கூச்செறிந்தது, நெஞ்சு படபடத்தது, வயிற்றில் புளியைக் கரைத்தது, ஈரற்குலை நடுங்கிற்று. இவை யாவும் நம் வீட்டு வழக்குகள். மேலே கூறிய உடல் மாற்றங்களுள் எது எதனோடு பொருந்தும் என்று எழுதுங்கள். உங்கள் பாட்டியாரிடம் கேட்டால் இன்னும் நாலைந்து கிடைக்கும். அவற்றையும் சேர்த்து அடுத்த சனிக்கிழமை கொண்டு வாருங்கள்.