தளத்துக்குத் தண்ணி விடுங்க

குழுக்கடன் வாங்கி ஒரு அறை கட்டிய உறுப்பினர் வீட்டுக்குப் போயிருந்தோம். கான்கிரீட் போட்ட மூணாம் நாளே ஊருக்குப் போனதில் தண்ணி விடலையாம். தளத்தில் வெடிப்பு விழுந்து இப்போ மழைக்கு ஒழுகுது. தவணை இன்னும் பாக்கி!

சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகும். இப்போது பலரும் வாங்கும் பி.பி.சி. சிமெண்டுக்கு குறைந்தது 10 நாள், வெயில் காலத்தில் 14 நாள் ஈரம் வேண்டும். தளத்தில் பாத்தி கட்டி தண்ணீர் நிறுத்துங்கள். தூணுக்கு ஈரச்சாக்கு சுற்றுங்கள்.

கலவை போடும்போது நேர்மாறு. 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் ஊற்றினால் பலம் குறையும். 15 லிட்டர் குடமென்றால் இரண்டுதான். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைக்கணும். "இளக்கமா இருந்தாதான் வேலை ஓடும்" என்பார் கொத்தனார். பக்கத்திலேயே நின்று குடத்தை எண்ணுங்க.