பையன் பையில் பொட்டலமா? பதறாதீங்க!

துவைக்கப் போட்ட பேன்ட்டில் ஒரு சின்னப் பொட்டலம். முகர்ந்து பார்த்தால்... கஞ்சா! அப்பா நாலு அறை விடுகிறார். ‘வெளியே தெரிஞ்சா போலீஸ் வந்துடுமே’ என்று பயந்து, டாக்டரிடம்கூடப் போகாமல் பையனை அறையில் போட்டுப் பூட்டுகிறார் அம்மா. ரெண்டுமே தப்புங்க.

போதைக்குத் தேவை ஜெயிலா, சிகிச்சையா? உலகம் முழுக்க நடக்கிற பட்டிமன்றம் இது. சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சமாக வைத்திருப்பதை போர்ச்சுகல் 2001-லேயே கிரிமினல் குற்றமில்லை என்று ஆக்கிவிட்டது. நம் நாட்டில், 1985-ம் வருட போதைப்பொருள் சட்டப்படி அது குற்றம்தான். கஞ்சா புகைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூடக் கிடைக்கலாம்.

ஆனால், அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், உபயோகித்ததற்கும் சிறிய அளவு (கஞ்சா என்றால் ஒரு கிலோவுக்குள்) வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் எழுந்து ஓடிவந்தால் அந்தச் சலுகை பறிபோகலாம். ‘தானாக’ என்பதைக் கவனியுங்க. கையைக் காலைக் கட்டி இழுத்துப் போவதல்ல, பேசிச் சம்மதிக்க வைப்பது.

நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரம் கஷ்டம். தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவான். திமிர் என்று நினைச்சு அடிக்காதீங்க. உடம்பு கேட்கிற கேள்வி அது. யாரோ காதில் பேசுகிற மாதிரி இருக்கு என்று சொன்னால், அன்றைக்கே மனநல டாக்டரிடம் காட்டுங்க.

எங்கே போவது என்று தெரியலையா? 14446-க்கு போன் போடுங்க. காசு கிடையாது.