மாடிஃபைடு ஸ்டார்ச் ஹலாலா?

சூப்புப் பொடியிலும் தக்காளி சாஸிலும் குழைவு நீர்த்துப்போகாதிருக்கும் பொருட்டுச் சேர்க்கப்படும் மாடிஃபைடு ஸ்டார்ச் என்பது, மக்காச்சோளம், மரவள்ளி, உருளைக்கிழங்கு முதலிய தாவரங்களின் மாவுச்சத்தை அமிலம், உஷ்ணம், நொதி போன்றவற்றால் பக்குவப்படுத்தியதேயாகலின், ஹராமான வஸ்து எதுவும் கலந்தாலன்றி அது ஹலாலே என்பது மார்க்க அறிஞர்களின் பொதுவான அபிப்பிராயமாகும்.

● பொட்டலத்தின் பின்புறமுள்ள பொருட்பட்டியலில் 1422, 1442 போன்ற எண்கள் காணப்பட்டால், அவை இவ்வகை மாவுச்சத்தையே குறிப்பனவாதலால், கண்டமாத்திரத்தில் சஞ்சலப்பட வேண்டுவதில்லை.

● அதே பட்டியலிலுள்ள ஜெலட்டினையும் 471 என்ற எண்ணையுமே ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஜெலட்டின் பிராணிகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுவது. 471-ஓ தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரலாம்.

● இந்தியப் பொட்டலங்களிலுள்ள பச்சைப் புள்ளி மாமிசக் கலப்பின்மைக்கு அடையாளமேயன்றி, வாசனைச் சாரங்களில் மதுசாரம் இல்லை என்பதற்கு அத்தாட்சியன்று.

● ஐயம் நீங்காவிடில், நம்பகமான ஹலால் முத்திரை உள்ளதைத் தேர்ந்துகொள்க. அல்லது ஐயத்துக்குரிய பொருள் எதிலிருந்து பெறப்பட்டதெனத் தயாரிப்பாளரிடம் எழுதிக் கேட்டு, வந்த பதிலை உங்கள் ஊர் ஆலிமிடம் காண்பித்துத் தெளிவு பெறுக.

விசாரியாமல் உண்பதும் தகாது. ஆதாரமின்றி ஹலாலை ஹராமென விலக்குவதும் தகாது.